மாதா வீட்டுப் புல்லாங்குழல்

புதுப் பெட்டியைப் பிரிக்கும்போது, உள்ளே சாமானுக்கு அண்டக் கொடுத்திருக்கும் வெள்ளை ரெஜிபோமிலிருந்து வரும் வாசனை இருக்கிறதே, எனக்கு அது என்றைக்குமே நல்ல சேதியின் வாசனை. போன மாதம் பதுளை பஜாரில் ஒரு கடையில் அதை மூக்கு நிறைய வாங்கிக்கொண்டு நின்றேன். வாங்கப் போனது ஹோம் தியேட்டர் ரிசீவர். டீவியில் படம் ஓடும்போது நம்மைச் சுற்றி வைத்திருக்கும் ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் சத்தத்தைப் பங்குபோட்டு அனுப்புகிற கறுப்பு மெஷின் அது. கடை முதலாளி ரவி எனக்கு நாலைந்து வயது இளையவர். கத்தியால் அட்டைப்பெட்டியின் டேப்பைக் கீறிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, வீட்டுல எத்தன பேரு?"

எந்த அளவு மெஷினைக் காட்டலாம் என்பதற்காகக் கேட்டார், அவ்வளவுதான். நான் யோசிக்காமல் "நாலு பேரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யார் அந்த நாலு பேர் என்று எனக்கே சந்தேகம் வந்தது. மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. மகளும் மருமகனும் பேத்தியும் மெல்பேர்னில் இருக்கிறார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டால் நாலு சரியாக வரும்.

மகள்தான் ஆரம்பித்து வைத்தாள். "டிசம்பருக்கு வாரோம்ப்பா. நல்ல ஹோம் தியேட்டர் ஒண்ணு வாங்கி வைங்க, எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து படம் பாக்கலாம்" என்று போனில் சொன்னாள். எனக்குப் படம் அவ்வளவாக ஒத்துவராது. பாதியில் தூங்கிவிடுவேன். எனக்குப் பாட்டுத்தான் எல்லாம். வெலிமடையிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிற லொறிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்து, வியாபாரியிடமும் லொறிக்காரரிடமும் ஏச்சு வாங்குகிற கந்தோரில் எனக்கு வேலை. சட்டையில் லீக்ஸ் நாற்றத்தோடு வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, பால் ஊற்றாத ஒரு பிளேன்டியோடு உட்கார்ந்து பழைய பாட்டு கேட்டால்தான் எனக்கு அந்த நாள் முடியும்.

இங்கேதான் சிக்கல். படத்துக்கு ஐந்து பெட்டி வேண்டும், பாட்டுக்கு இரண்டு போதும். இரண்டையும் ஒழுங்காகச் செய்கிற மெஷின் லேசில் கிடைக்காது. படத்துக்கென்று செய்த மெஷின் குண்டு வெடிப்பதை அப்படியே கொண்டுவந்து கொடுக்கும், பாட்டைப் போட்டால் மென்று துப்பும். இன்னொன்றும் சொல்லவேண்டும். ஐந்து பெட்டி வாங்கினால் வீட்டுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்று அர்த்தம். இரண்டோடு நிறுத்திக்கொண்டால், இனி இந்த வீட்டில் நான் மட்டும்தான் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. ஒரு மெஷின் வாங்க இவ்வளவு யோசிக்கிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், கூடச் சிரிக்க ஆள் கிடைப்பதே பெரிய விஷயம்.

ரவி முதலில் ஒரு ஹெலிகொப்டரை என் தலைக்கு மேலே பறக்கவிட்டார். நான் குனிந்துவிட்டேன். "எப்பிடிண்ணே?" என்றார் பெருமையாக. "நல்லாருக்கு, இதப் போடுங்க" என்று சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு பழைய பாட்டு இருந்தது. எந்தப் பாட்டு என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் உங்கள் கதையை ஆரம்பித்துவிடுவீர்கள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அதில் ஒரு புல்லாங்குழல் வரும். அந்த மெஷினில் குழல் ஐந்து பெட்டியிலும் வந்தது. முன்னால், பின்னால், காதோரத்தில், எங்கே திரும்பினாலும் குழல்.

"இது யாரு வீட்டுக் குழலு?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"என்னண்ணே?" என்றார் ரவி.

"ஒண்ணுமில்ல. வேற மெஷின் காட்டுங்க."

ரவிக்குப் புரியவைக்க வேண்டுமென்றால் அவரைக் கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு, அதுவும் பல வருடம் பின்னால், கூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கும். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டை நினைத்து உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காம்பரா என்கிற ஒரே அறையில் சமைத்து, படித்து, ஆறு பேர் கால் மேல் கால் போட்டுப் படுத்து எழுந்தவன் எவனும் அதற்காக உருகமாட்டான். எங்கள் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவே கருங்கல் சுவர். அந்தப் பக்கம் சவரி மாமா குடும்பம். அவர் வேதக்காரர், நாங்கள் முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டுகிறவர்கள். சொந்தம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் மாமா, அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மகன் ஸ்டீபனுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு.

லயத்துக்குக் கரண்ட் வர ஆரம்பித்த புதிது. எங்கள் வீடு வரைக்கும் கம்பி வந்துவிட்டது. சவரி மாமா வீட்டுக்கு வரவில்லை, இன்றைக்கு வருகிறோம் நாளைக்கு வருகிறோம் என்று கரண்ட்காரர்கள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, மத்திய கிழக்கிலிருந்து வந்த ஒருவரிடம் அப்பாவும் சவரி மாமாவும் கூட்டாக ஒரு கசெட் செட் வாங்கினார்கள். நடுவில் செட், இரண்டு பக்கமும் கழற்றி எடுக்கிற மாதிரி இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. திறந்து ரெஜிபோமை எடுத்தபோது இரண்டு குடும்பமும் சுற்றி நின்று அந்த வாசனையை முகர்ந்தோம்.

கூட்டுச் சொத்து இல்லையா, நியாயமாகப் பிரிக்கவேண்டும். செட் கரண்ட் இருக்கிற எங்கள் வீட்டில். பெட்டி ஆளுக்கு ஒன்று. சவரி மாமா அலவாங்கை எடுத்துவந்து இரண்டு கல்லுக்கு நடுவே நோண்டித் துளை போட்டார். வலது பெட்டியின் கம்பியை அதன் வழியாக இழுத்து, மிச்ச ஓட்டையைக் களிமண்ணால் பூசினார். அவர்கள் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே அந்தப் பெட்டி உட்கார்ந்தது. கசெட்டில் ஒரு பக்கம் முடிந்ததும் அத்தை அகப்பைக் காம்பால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். திருப்பிப் போடு என்று அர்த்தம். நான் ஓடிப்போய்த் திருப்புவேன்.

ஸ்டீரியோ என்றால் இடது பெட்டியில் ஒன்று, வலது பெட்டியில் ஒன்று வரும் என்பது அந்த லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. பாடுகிறவரின் குரல் இரண்டிலும் வரும், அதனால் சந்தேகமே வரவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஸ்டீபன் அந்தப் பாட்டை முனகிக்கொண்டு வந்தான்.

"டேய், அந்தக் கொழலு வாற எடம் இருக்கே, அப்பா!"

"எந்தக் கொழலு?"

"ரெண்டாவது சரணத்துக்கு முன்னுக்கு வருமே."

"அதுல ஏதுடா கொழலு? அந்த எடத்துல தபேலாதான்."

"தபேலாவா? ஒனக்கென்ன காது அவிஞ்சு போச்சா?"

அவ்வளவுதான். தேயிலை மலையில் எங்கள் இரண்டு பேருடைய புத்தகப் பைகளும் உருண்டன. என் சட்டைப் பொத்தான் போனது, அவன் உதடு கிழிந்தது. பாட்டில் குழலே கிடையாது என்று நான் மாதா மேல்கூடச் சத்தியம் செய்தேன். அவன் முருகன் மேல் செய்தான்.

அன்று சாயங்காலம் வீடு மாறி உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவானது. அவன் எங்கள் வீட்டில் கசெட்டைப் போட்டான். நான் அவர்கள் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே போய்ச் சம்மணம் போட்டேன். குப்பி லாம்பு வெளிச்சத்தில் அத்தை ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். சரணத்துக்கு முன்னால் என் தபேலாவைக் காணவில்லை. அதன் இடத்தில் ஒரு குழல், மெல்லிசாக, யாரோ தனக்குத்தானே ஊதிக்கொள்கிற மாதிரி வந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு அத்தையைப் பார்த்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது தினமும் வீட்டுக்கு வந்து போகிற குழல்.

அம்மாதான் தீர்ப்புச் சொன்னார். "மாதா வீட்டுக்குக் கொழலு, முருகன் வீட்டுக்கு மேளம். சரியாத்தான் பிரிச்சிருக்காங்க." நாங்கள் அதை அப்படியே நம்பினோம். அதற்குப் பிறகு குழல் கேட்க ஆசை வந்தால் நான் அங்கே போவேன், தபேலா வேண்டுமென்றால் அவன் இங்கே வருவான். இரண்டு பெட்டியையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு சவரி மாமாவுக்கு மொனராகலைப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. சாமான் ஏற்றிய அன்று அம்மா சுவரிலிருந்து கம்பியை உருவிச் சுருட்டி, வலது பெட்டியோடு சேர்த்து அத்தையிடம் கொடுத்தார். "ஒங்க பொட்டி அத்தாச்சி, எடுத்துக்கிட்டுப் போங்க." செட் இல்லாத வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். சுவர்த் துளையில் அம்மா ஒரு பழைய துணியை அடைத்தார். எங்கள் செட் சாகிற வரைக்கும் பாதிப் பாட்டைத்தான் பாடியது. நான் சம்பாதிக்க ஆரம்பித்துச் சொந்தமாக ஒரு செட் வாங்கி, முதன்முதலாக இரண்டு பெட்டியையும் பக்கம் பக்கமாக வைத்துக் கேட்டபோது, குழல் வந்த இடத்தில் என்னையறியாமல் சுவரைத் திரும்பிப் பார்த்தேன்.

சரி, கடைக்கு வருவோம். மூன்றாவது மெஷினில் டைரக்ட் என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கியதும் மற்ற மூன்று பெட்டியும் வாயை மூடிக்கொண்டன, இரண்டு மட்டும் பாடின. குரல் நடுவில் வந்து நின்றது. தபேலா இடது பக்கம். குழல் வலது பக்கம், பெட்டிக்குக்கூட அந்தாண்டை, சுவருக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரவி பார்க்காத மாதிரி கம்பியைச் சுருட்டினார்.

"படத்துக்கு இத விட மத்தது நல்லாருக்கும்ணே" என்றார்.

"பரவால்ல. இதையே கட்டுங்க. அஞ்சு பொட்டியும் வேணும்."

வீட்டில் இரண்டு பெட்டியை மட்டும் மாட்டினேன். மற்ற மூன்றையும் டிசம்பரில் மருமகனோடு சேர்ந்து மாட்டலாம் என்று அட்டையோடு வைத்தேன். நான் கடையிலிருந்து புறப்படும்போது ரவி ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்திருந்தார். ஸ்டீரியோ சரியாகக் கேட்கவேண்டும் என்றால் இரண்டு பெட்டிக்கும் நேர் நடுவே உட்காரவேண்டுமாம். அந்த இடத்தில் ஒரு நாற்காலிதான் போடலாம். போட்டேன். பாட்டு முடிந்தது. வீடு சத்தமில்லாமல் கிடந்தது. அந்த வாரமே மகள் போன் எடுத்து, "இந்த வருசம் முடியாதுப்பா, இவருக்கு லீவு இல்லயாம்" என்றாள். அட்டையோடு இருந்த மூன்று பெட்டியையும் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன்.

அப்புறம் எனக்கு ஸ்டீபனைத் தவிர வேறு யாரையும் நினைக்கத் தோன்றவில்லை. மொனராகலைக்குப் போகிற லொறி டிரைவர் ஒருவரைப் பிடித்து விசாரித்து, நம்பர் வாங்கிப் போன் போட்டேன். அவன் குரல் அப்படியே சவரி மாமா குரல். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா சிரித்துக்கொண்டே இருந்தோம். அப்பா, அம்மா, மாமா, அத்தை என்று போனவர்களை எல்லாம் சொல்லி முடித்தோம். அதற்குப் பிறகு நான் ஆசையாகக் கேட்டேன்.

"டேய், அந்தப் பாட்டுக் கொழலு ஞாபகம் இருக்காடா? இப்ப என் வீட்டுல கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"எந்தக் கொழலு?"

"சொவத்துல ஓட்ட போட்டு, ஒங்க வீட்டுல ஒரு பொட்டி, எங்க வீட்டுல ஒரு பொட்டி. அதுக்காகச் சண்ட போட்டு ஒன் ஒதட்டக்கூடக் கிழிச்சேனே."

அவன் கொஞ்சம் யோசித்தான். "எங்க வீட்டுல பொட்டியா? எங்க வீட்டுலதான் அப்ப கரண்டே இல்லியேடா. நீ வேற யாரயோ சொல்ற." சொல்லிவிட்டு, எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, உடனே வேறு பேச்சு எடுத்தான். "டேய், நம்ம லயத்துல மூணு கால் நாயி ஒண்ணு இருந்துச்சே. ரெண்டு வீட்டுலயும் சோறு திங்கும், ஒன் காலடியிலதான் படுத்துக் கெடக்கும். நான் இப்பவும் அத நெனச்சுக்குவேன். ஞாபகம் இருக்கா?"

எனக்கு அப்படி ஒரு நாயே ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் ஒரு வால்கூடத் தட்டுப்படவில்லை. அவன் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தான்.

"இருக்குடா" என்றேன்.

"பாத்தியா! எம் பொண்டாட்டிகிட்ட சொன்னா நம்பவே மாட்டேங்குறா" என்று அவன் சின்னப் பையன் மாதிரி சந்தோஷப்பட்டான்.

அந்த லயத்தை இடித்துவிட்டு இப்போது தனித்தனி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல வீடுகள், போய்ப் பார்த்தேன். யாருடைய சுவரும் யாருக்கும் பொதுவில்லை. பாட்டில் குழலே கிடையாது என்று ஒரு காலத்தில் மல்லுக்கு நின்றவன் நான். இன்றைக்கு அது மாதா வீட்டில் இருந்தது என்று சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம். பார்த்த ஞாபகமே இல்லாத நாய்க்கு நான் சாட்சி சொன்னேன். என் குழலுக்கு அவனும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.