பூனைப் படக்கதைக்கு வாங்கிய பசை

என் மனைவி ஒரு புத்தகத்தை வாங்குவதற்கு அதில் ஒரு பூனை இருந்தால் போதும். கதை எப்படி, எழுதியவர் யார் என்றெல்லாம் கேட்கமாட்டாள். புதுக்கோட்டைக் கடைவீதியில் பழைய புத்தகங்களைப் பரப்பி விற்பவர் அவளுக்கென்றே சிலவற்றை எடுத்து வைத்திருப்பார். பிள்ளைகளுக்கான நீதிக்கதைப் படப்புத்தகம், அட்டையில் பூனை உட்கார்ந்திருக்கும் சமையல் குறிப்பு, எந்த மொழியென்றே தெரியாத ஒரு வண்ணப்படப் புத்தகம் என்று எல்லாம் வந்து சேர்ந்தன. திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க அவைதான். உயர வாரியாக அடுக்கி வைப்பது நான். எடுத்துப் படித்துவிட்டுக் கண்ட இடத்தில் செருகுவது அவள்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது ஒரு வாரப் பத்திரிகையில் அரைப்பக்கம் வந்துகொண்டிருந்த படக்கதை. தாசில்தார் ஒருவர் வீட்டில் வளரும் கொழுத்த பூனையின் கதை அது. ஜமாபந்திக் கணக்குப் பார்க்கும் சமயத்தில் யாரோ கொண்டுவந்து வைத்த நெய்யை அந்தப் பூனை நக்கித் தீர்த்துவிட்டு, மிச்சத்தைத் தூங்கும் தாசில்தாரின் மீசையில் தடவிவிட்டுப் போகும். நான் தாலுகா ஆபீசில் ரிக்கார்டு அறையில் வேலை பார்த்தேன். எங்கள் ஆபீசில் அந்தப் பூனையை யாருக்கும் பிடிக்காது. ஆனால் எல்லோரும் படித்தார்கள்.

வீட்டிலும் ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறம், வயிறு மட்டும் வெள்ளை. எங்களுக்குக் குழந்தை இல்லை. அது என் மனைவியின் கால்மாட்டில்தான் தூங்கும். அவள் கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு வரும், அவள் கோயிலுக்குப் போனால் வாசற்படியிலேயே காத்திருக்கும்.

என் அக்காவுக்குப் பூனையும் ஆகாது, பூனைக் கதையும் ஆகாது. அத்தான் பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதி வந்தார். அங்கேயே காலமானார். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அக்கா தனியாகக் கப்பலேறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பதினான்கு வருஷம் வாழ்ந்த ஊரைப் பற்றி அவர் எங்களிடம் எதுவும் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு அடுப்படி அவர் கைக்குப் போய்விட்டது. எங்கள் வீடு முன்பே சைவம்தான். அக்கா வந்தபின் அது இன்னும் இறுகியது. வெள்ளி செவ்வாயில் வெங்காயம்கூட உள்ளே வராது. இரண்டு வீடு தள்ளி பஸ் டிரைவர் வீட்டுக் கோழி எங்கள் வாசலில் வந்து நின்றால், அக்கா அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்.

வாரப் பத்திரிகை வந்ததும் என் மனைவி கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுவாள். அக்கா அரிசி புடைத்தபடி சொல்வார், “பூனைய வளக்குறதே அதிகம். இதுல அதுக்குப் புராணம் வேற படிக்கணுமாக்கும்.”

“ஒரு வாரம் படிச்சுத்தான் பாருங்களேன் மதினி. அந்தத் தாசில்தாரு பாக்குறதுக்கு ஒங்க தம்பி மாதிரியே இருப்பாரு.”

“அப்ப நெய்ய நக்குனது யாரு, நீயா?”

இருவரும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் படக்கதைப் பக்கம் திறந்து கிடந்தால் அக்கா அதைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது எனக்கு அப்போது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

பத்திரிகையில் வரும் தொடர்கதையைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, முடிந்ததும் பைண்டு செய்து வைத்துக்கொள்வது எங்கள் தெருவில் வாசிக்கிற வீடு எல்லாவற்றிலும் உள்ள பழக்கம். முழுப்பக்கக் கதையென்றால் அது சுலபம். படக்கதை அரைப்பக்கம் என்பதால் அதை வெட்டி, கெட்டியான பழுப்புத் தாளில் ஒட்டினால்தான் பைண்டு செய்ய முடியும். என் மனைவி முதலில் சோற்றுக் கஞ்சியால் ஒட்டினாள். ஒரு வருஷக் கதையைக் கட்டாகக் கட்டி பைண்டரிடம் கொண்டுபோனபோது, அவர் நாலு தாளைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ராமபாணப் பூச்சி தாள் தாளாக அரித்திருந்தது.

“சோத்தக் கொண்டு ஒட்டுனா பூச்சி விருந்துக்கு வராம என்னம்மா செய்யும்?” என்றார் பைண்டர். “அரிச்ச தாள வேற தாள்ல எடுத்து ஒட்டுங்க. நம்ம பசையத் தாரேன். மைதா மாவுல மயில் துத்தம் போட்டுக் காய்ச்சுனது. ஒரு பூச்சி அண்டாது. துத்தம் வெசம், ஒட்டுனதும் கையக் கழுவிட்டுச் சோறு தின்னுங்க, அதுதான் முக்கியம்.”

“கொஞ்சம் தூக்கலாவே போட்டுக் குடுங்க. இந்தக் கதை எனக்குக் கடைசி மட்டுக்கும் இருக்கணும்” என்றாள் இவள்.

பசையைத் தகர டப்பாவில் வாங்கி வந்தோம். வெளிறிய நீலத்தில் இருந்தது. கை கழுவ வேண்டும் என்பதை நாங்கள் மூவரும் மறக்கவில்லை. டப்பாவை அடுப்படிக்குள் கொண்டுவரக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். இவள் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நாங்கள் எங்கள் கைகளை மட்டும்தான் நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாத் தாளையும் ஒட்டி முடித்து, முற்றத்தில் வரிசையாகக் காயப் போட்டாள். பசையைத் தாராளமாகத் தடவியிருந்தாள். ஓரங்களில் பிதுங்கி நின்றது. நாங்கள் உள்ளே ஏதோ வேலையாக இருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் தாள்களின் நடுவில், வெயில் விழுகிற இடத்தில், பூனை மல்லாந்தும் புரண்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

“ஏங்க, இங்க வந்து பாருங்க. அதோட கதைய அதுவே படிக்குது.”

விரட்டியதும் அது எழுந்தது. வயிற்றில் ஒரு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. தாசில்தாரின் மீசையைச் சுமந்துகொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடியது. நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுப்படி வாசலில் நின்ற அக்காகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். இவள் தாளைப் பிய்த்தெடுத்ததும் பூனை நெற்குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, நிதானமாகத் தன் வயிற்றை நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கியது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பூனை தன்னை நக்கிக்கொள்வது உலகத்தில் உள்ளதுதானே.

மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் படுக்கப் போகும்போது குதிருக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. சத்தமே இல்லாத குரல்.

“ஏங்க. பச்சையாக் கக்குது.”

போய்ப் பார்த்தேன். தரையில் நீலமும் பச்சையுமாக ஒரு திட்டு. அந்த நிறத்தை எங்கே பார்த்திருக்கிறேன் என்று ஒரு கணம் யோசித்தேன். டப்பாவின் உள்விளிம்பில் காய்ந்து கிடந்த நிறம் அது. பூனை முதுகைக் கூனி வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிய நின்றது. இவள் தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்புப் போட்டுக் கழுவிய கைகள்.

சட்டையை மாட்டிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் போனேன். கதவு சாத்தியிருந்தது. காவலாளி மட்டும் மரத்தடியில் இருந்தார்.

“டாக்டர் திருவரங்குளம் போயிருக்காருங்க. அங்கிட்டு மாட்டுக்கெல்லாம் கோமாரி. நாளைக்குத்தான் வருவாரு. ஒங்களுக்கு என்ன, பசுவா, எருமையா?”

“பூனை.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பூனைய இங்க யாரும் கொண்டாந்ததில்லீங்களே” என்றார்.

வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்து இவள் புரிந்துகொண்டாள். பூனை மறுபடியும் கக்கியிருந்தது. இப்போது படுத்துவிட்டது. அப்போது அடுப்படி வாசலிலிருந்து அக்கா சொன்னார்.

“முட்டை வேணும்.”

எனக்கு விளங்கவில்லை. “என்னக்கா?”

“கோழி முட்டை. ரெண்டு. வெள்ளைக்கருதான் வேணும். டிரைவர் வீட்டுல இருக்கும், போய் வாங்கிட்டு வா. நிக்காத.”

அந்தச் சொல் அக்காவின் வாயிலிருந்து வந்ததே இல்லை. கடைத்தெருவில் முட்டைக் கூடை எதிரே வந்தால் எதிர்ச்சாரிக்குப் போகிறவர் அவர்.

டிரைவரின் மனைவி வாசலில் கோழிக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தார்.

“ரெண்டு முட்டை வேணும்.”

“யாருக்குங்க?”

“வீட்டுக்குத்தான்.”

“எந்த வீட்டுக்கு?”

“எங்க வீட்டுக்கு.”

அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். “அய்யா, எங்க கோழி ஒங்க வாசப்பக்கம் திரும்புனாலே ஒங்க அக்கா தண்ணியும் வாளியுமா வருவாகளே.”

“அவுகதான் வாங்கிட்டு வரச் சொன்னாக. பூனைக்கு. வெசம் தின்னுருச்சு.”

“பூனைக்கா? அப்படிச் சொல்லுங்க. நான் ஒங்களுக்குன்னுல்ல பயந்துட்டேன்.” உள்ளே போய் எடுத்து வந்தார். “துண்டுக்குள்ள வச்சுக்கங்க. தெருவுல பாத்தா கதை கட்டிருவாக.”

நான் வருவதற்குள் அக்கா வெந்நீர் வைத்துப் பூனையின் வயிற்றைக் கழுவச் சொல்லியிருந்தார். “மொதல்ல பசையக் கழுவு ஆத்தா. கழுவாம மருந்து குடுத்தா திரும்பத் திரும்ப நக்கும்.” இவள் அழுதுகொண்டே கழுவினாள்.

அக்கா முற்றத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டார். முட்டையை அதன் விளிம்பில் ஒரே தட்டு. ஓடு சரிபாதியாகப் பிளந்தது. மஞ்சள் கருவை ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கும், அங்கிருந்து இதற்கும் மாற்றி மாற்றிச் சாய்த்தார். வெள்ளைக்கரு மட்டும் நழுவிக் கொட்டாங்கச்சியில் விழுந்தது. மஞ்சள் உடையவில்லை, ஒரு துளி சிந்தவில்லை. இரண்டாவது முட்டையும் அப்படியே. ஓடுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி ஓரமாக வைத்தார். அது பழகிய கை. தினமும் செய்து செய்து கண் பார்க்காமலே செய்கிற கை. நானும் இவளும் பூனையை மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“என்னையப் பாக்காதீங்க. பூனையப் பிடிங்க.”

வெள்ளைக்கருவைப் பாலில் கலந்து, என் பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரைக் கழுவி, அதில் எடுத்துக் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். பூனையைத் துண்டில் சுற்றி நான் பிடித்திருந்தேன். முதல் தடவை கக்கிவிட்டது. அக்கா அவசரப்படவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுத்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கக்குவது நின்றது. மறுநாள் காலை அது தானாக எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது. இவள் அதைப் பார்த்துவிட்டுக் குதிரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா அன்று விடியலிலேயே முற்றத்தைக் கழுவி, தலை முழுகி, ஈரத்தலையை ஆற்றிக்கொண்டிருந்தார். இவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“மதினி, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பினாங்குல கரப்பான் பூச்சிக்கு மருந்து வைப்பாக. எங்க வீட்டுப் பூனை அதைத் தின்னுருச்சு. பக்கத்து வீட்டுச் சீனத்தி வந்து இப்படிச் செஞ்சுதான் பொழைக்க வச்சா.”

“ஒங்க வீட்டுல பூனை இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

நான் கேட்க நினைத்தது வேறு. முட்டை உடைத்த அந்தக் கையையே பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார்.

“ஒங்க அத்தானுக்குக் காலையில ரெண்டு வேணும், தம்பி. மஞ்சக்கரு ஆகாது, வெள்ளை மட்டும் திம்பாக. பதினாலு வருஷம் ஒடைச்சேன்.”

அத்தான் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு என் திருமணத்துக்கு வந்தவர். தேவாரம் பாடியவர். அவரை நான் மனத்தில் நிறுத்தி வைத்திருந்த படம் அந்த நிமிஷத்தில் கலைந்தது. அதைவிட என்னை உலுக்கியது அக்காதான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அறியாத ஒருத்தி ஈரத்தலையோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பூனை என்னாச்சு மதினி?”

“கப்பல்ல ஏத்த விடல. சீனத்தி கையில குடுத்துட்டு வந்தேன். நான் தெரு திரும்புற மட்டும் கத்துச்சு.” ஈரத்தலையை விரலால் கோதிக்கொண்டே சொன்னார். “ஒன் படக்கதையில கடைசிக் கட்டத்துல வாரவாரம் பூனை வாயத் தொறந்துக்கிட்டு நிக்குமே, அதத்தான் என்னால பாக்க முடியாது.”

கடைசிக் கட்டத்தில் பூனை வாயைத் திறந்துகொண்டுதான் நிற்கும். படிக்காதவருக்கு அது தெரிய வழியில்லை.

காய்ந்த தாள்களைப் பைண்டரிடம் கொடுத்துத் தொகுதியாக்கினோம். நடந்ததைச் சொன்னபோது அவர் பசைக் கையோடு தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த வருஷக் கதைக்கு இவள் துத்தப் பசை வாங்கவில்லை. மறுபடியும் சோற்றுக் கஞ்சிதான். பைண்டர் அதையும் தைத்துக் கொடுத்தார்.

இரண்டு தொகுதிகளும் இப்போது கீழ்த்தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. முதல் தொகுதியில் பழைய அரிப்பைத் தவிரப் புதிதாக ஒரு துளை கிடையாது. அதை யாரும் எடுப்பதில்லை. பூனையும் அதன் அருகே போவதில்லை. இரண்டாவது தொகுதியைப் பூச்சி நாளுக்கு நாள் தின்றுகொண்டிருக்கிறது. சாயங்காலங்களில் அக்காவும் இவளும் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். பூனை அக்காவின் மடியில் கிடக்கும்.

போன வாரம் அக்கா கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டபடி சொன்னார், “இந்தா பாரு, கடைசிக் கட்டத்துல பூனைக்குத் தலையே இல்ல. பூச்சி தின்னுருச்சு.”

“மடியில கெடக்குறதுக்கு இருக்கா, பாருங்க” என்றாள் இவள்.

அக்கா குனிந்து பார்த்துவிட்டு, “இருக்கு” என்றார்.