முழு சிக்னல் காட்டிய வீடு

சுகந்தி இறந்துவிட்டார் என்று அவர் கணவர் போனில் சொன்னபோது நான் ஹடப்சர் பேருந்தில் இருந்தேன். இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்று, அந்தச் செய்தியை அவரை இரண்டாம் முறையும் சொல்லவைத்தேன். அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

புனேயில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு சுகந்தியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கோயம்புத்தூர்க்காரர். ஒரு செல்போன் நிறுவனத்தில், எந்த டவர் எவ்வளவு தூரம் எட்ட வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறியாளர். நான் அதே பிரிவில் இருந்தேன். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன்.

சிக்னல் எட்டும் இடங்களைப் பச்சையாகக் காட்டும் வரைபடத்தில் இன்னும் கொஞ்சம் பச்சை வேண்டும் என்று மேலிடம் நெருக்கிய ஒரு மழைக்காலத்தில், சுகந்தி ஒரு டவரின் சக்தியைக் கூட்டினார். சில வாரங்களில் புனேயின் ஹடப்சர் பகுதியிலிருந்து ஒரு புகார் வந்தது. வீட்டில் கணவர் மயங்கி விழுந்திருக்கிறார். மனைவி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார். முழு சிக்னல் இருந்தும் அழைப்பு போகவில்லை. ஆட்டோ தேடிப் பிடித்து ஆஸ்பத்திரி சேர்ந்தார்கள். உயிர் தங்கியது, பேச்சும் வலது கையும் போய்விட்டன.

சுகந்தி இரண்டே நாளில் காரணத்தைக் கண்டுபிடித்தார். "டவர் பேசறது போனுக்குக் கேக்குதுங்க. போன் பேசறது அவ்வளவு தூரத்து டவருக்குக் கேக்கலை. பக்கத்து டவரை விட்டுட்டு, சத்தமாப் பேசறதைப் பிடிச்சிருக்குது. சத்தத்தைக் கூட்டுனது நான்தானுங்களே."

சக்தியைக் குறைத்தார். வரைபடத்தில் பச்சை சுருங்கியது, மேலாளர் கத்தினார். மறுநாள் சுகந்தி அந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மராத்தி பேச நான் கூடப் போனேன்.

அவர் தமிழில் சொன்னதை நான், "எங்களால் நேர்ந்துவிட்டது" என்று மராத்தியில் சொன்னேன். அந்த அளவு மராத்தி அவருக்குப் புரியும். "எங்களாலன்னு சொல்லாதீங்க ரகு. என்னாலன்னு சொல்லுங்க."

சொன்னேன். அந்த அம்மாள் திட்டவில்லை. "ஆதா லாகேல் கா?" என்றார். இனிமேலாவது போன் போகுமா என்று.

சுகந்தி அவருடைய போனை வாங்கி என் எண்ணை அழைத்தார். என் சட்டைப்பையில் மணி அடித்தது. கட்டிலில் கிடந்த கணவர் இடது கையை நீட்டி அந்தப் போனைக் கேட்டு வாங்கினார். நான் என் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். ஏதோ சொல்லப் பார்த்தார். மூச்சு மட்டும் கேட்டது.

படியிறங்கும்போது சுகந்தி, "என்ன சொன்னாருங்க?" என்றார். சொன்னேன். மூச்சு மட்டும்தான் கேட்டது என்று.

அதன்பின் எந்தப் புகார் வந்தாலும் அந்த வீட்டுக்கே போய், அங்கிருந்தே அழைத்துப் பார்ப்பார். அந்தப் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. ஆனால் கதவைத் தட்டுமுன் நான் இன்னமும் தயங்குகிறேன். அவர் தயங்கி நான் பார்த்ததில்லை.