சரக்கறையில் எட்டு மாதம்

என் அக்கா தந்த சிறுநீரகத்தோடு சென்னையிலிருந்து போடிக்குத் திரும்பினேன். கிருமி தொற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். ஏலக்காய் வியாபாரியான எனக்குப் பாதுகாப்பு என்றால் வெயில் புகாத சரக்கறைதான். பச்சை மாறாதிருக்கக் காயை வைக்கும் அதே இருட்டில் என்னையும் வைத்துப் பூட்டிக்கொண்டேன். எட்டு மாதம் பேச்சுத்துணை என் இருமல் ஒன்றுதான், அதற்கும் நடுங்கினேன்.

பிறகு எலும்பெல்லாம் வலித்தது, காய்ச்சலும் வந்தது. சிறுநீரகம் போய்விட்டதென்று அலறி, அக்காவோடு டாக்டரிடம் ஓடினேன்.

"கிட்னி நல்லா இருக்கு. வெயிலே படாம வைட்டமின் டி குறைஞ்சுபோச்சு. அது குறைஞ்சா கிருமியை எதிர்க்கிற தெம்பும் குறையலாம்" என்றார் டாக்டர்.

அக்கா பொரிந்து தள்ளினாள்: "ஏலே, நாலு பேரோட நடமாடத்தானே குடுத்தேன்? மூட்டைக்குக் காவலிருக்கவா?"

இப்போது மாத்திரையும் உண்டு, தினமும் வாசலில் இளவெயிலும் உண்டு. தெருவில் போகிற ஒருவரையும் பேசாமல் விடுவதில்லை. பலர் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார்களாம்.