பத்தில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை

“என்னடி எழுதியிருக்கான் அந்த மகராசன்? உள்ளதை உள்ளபடி படி. பூசி மெழுகாதே” என்றாள் அத்தை.

அண்ணன் மகள் காப்புரிமை அலுவலகத்தின் கடிதத்தைத் தமிழில் சொன்னாள். “வெந்நீர்ல விரிசல் விடாத குணம் உங்க ரப்பர் வளையத்துல புதுசா வந்தது இல்லையாம் அத்தை. நாற்பது வருஷத்துக்கு முந்தின ஒரு காப்புரிமைத் தாள்ல சொல்லியிருக்கற வளையத்துலயே அது இயல்பா இருக்குதாம்.”

“அந்தப் பழைய தாள்ல விரிசலைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா?”

“இல்ல. ஆனா அதே ரப்பர், அதே பொடி, அதே சூடு. அதனால குணமும் இருந்தே தீரணுமாம். இல்லைன்னா நீங்கதான் நிரூபிக்கணுமாம்.”

“நல்லா இருக்கே நியாயம்! எவனோ செஞ்சதுல இல்லாததை இல்லைன்னு நான் நிரூபிக்கணுமா? நாளைக்கு என் தலையில கொம்பு இல்லைன்னும் நிரூபிக்கச் சொல்வான்!”

மேசையில் விழுந்த அடியில் தேநீர் சிந்தியது. பட்டறையில் அத்தைக்குக் ‘கொதிகலன்’ என்று பெயர். அந்த வளையமே கோபத்தில் பிறந்ததுதான். ஒருநாள் யாருடனோ சண்டை போட்டு, ரப்பரை வேகவைத்து எடுத்த அச்சைத் திருகைத் தளர்த்தித் திறக்காமல் வெளியே போனவள் மூன்று மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். அதில் ஆறிய வளையங்கள் கொதிநீரில் நாள்கணக்கில் கிடந்தும் விரிசல் விடவில்லை. அன்றிலிருந்து எட்டு வருடமாக அதே முறை. காப்புரிமை கிடைக்காவிட்டால் பெரிய கம்பெனிக்காரன் அதை அப்படியே அள்ளிக்கொண்டு போவான்.

வக்கீல் தொலைபேசியில் சொன்னார்: “‘இருக்கலாம்’ங்கறது போதாதும்மா. பழைய முறையில செஞ்சா எப்பவுமே அந்தக் குணம் வந்தாகணும், அப்பதான் அதிகாரி சொல்றது நிக்கும். ஆனா அவர் ஒரு காரணம் காட்டிட்டாரு, சுமை இப்ப நம்ம தலையில. தாள்ல இருக்கற மாதிரியே பத்து வளையம் செஞ்சு கொதிக்க வைங்க. சிலதுல விரிசல் விட்டாக்கூட மேல்முறையீட்டுல அதைக் காட்டி வாதாடலாம்.”

அத்தை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே செய்தாள். அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் குறித்தாள்.

நான்கு நாள் கொதித்தும் ஒன்றுகூட விரிசல் விடவில்லை.

“அப்ப அவன் சொன்னதுதான் சரியா?” அத்தையின் குரல் தணிந்திருந்தது. அவள் கத்தியபோதெல்லாம் வராத பயம் அப்போதுதான் அண்ணன் மகளுக்கு வந்தது. நோட்டைப் புரட்டினாள். கோபத்தில் இருப்பவளை இடைமறிக்கத் துணியாமல், பார்த்ததை மட்டும் எழுதி வைத்திருந்தாள்.

“அத்தை, சூட்டோட அச்சைத் திறந்து எடுக்கணும்னு தாள்ல இருக்கு. நீங்க திறக்கல. திருகை முறுக்கி மேல சாக்கைப் போட்டு மூடினீங்க. மூணு மணி நேரம். அது தாள்ல உள்ள முறை இல்ல, உங்க முறை.”

“நானா?” அத்தை தன் கையைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “சோறு போட்ட கை, இப்படி எதிராளிக்குச் சாட்சி சொல்லியிருக்கே!”

மறுபடி முயன்றாள். அடுப்பிலிருந்து அச்சு வந்ததும் திருகைத் தளர்த்தப் போன கை பாதியில் நின்றது. “கெட்டுப்போகும்னு தெரிஞ்சே எப்படிடி திறப்பேன்?” என்று திருகைக் கழற்றும் சாவியை வீசி எறிந்தாள். சுவரில் காரை பெயர்ந்தது.

அதுவரை அத்தை ஏவியிருக்கிறாள், அதட்டியிருக்கிறாள், கேட்டதில்லை. அன்று வீசிய சாவியைத் தானே குனிந்து எடுத்துத் துடைத்து, அண்ணன் மகள் கையில் வைத்தாள்.

“நீ செய்டா கண்ணு. உனக்கு ரப்பர் தெரியாது, எழுத்துதான் தெரியும். தாள்ல இருக்கறதை மட்டும் செய். என்னை வெளிய தள்ளிக் கதவைத் தாழ் போட்டுக்க. நான் எவ்வளவு கத்தினாலும் திறக்காதே.”