சாமை மில்லின் காற்றும் முந்நூற்று நாற்பது குதிரைகளும்

ஞாயிறு, காலை 6.40, கணியம்பாடி

அக்கா வாசலில் நின்று நிபந்தனையை மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

"ஜமுனாமரத்தூர் மலை ஏறி இறங்கி, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வூட்டுக்கு வந்துடணும். வழியில ஒரு ரிப்பேர் கூட ஆவக்கூடாது. அப்படி வந்துட்டா வண்டி இருக்கட்டும். இல்லன்னா வித்துடணும். அப்புறம் இந்த வூட்ல மிக்ஸி வாங்கினாக்கூட நீ வாயத் தொறக்கக் கூடாது."

கடைசி வரி எனக்கு. வண்டியை வாங்கியவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். கண்ணமங்கலத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். அவரை வாங்க வைத்தவன் நான். பன்னிரண்டு வயதான வெளிநாட்டுச் சொகுசுக் கார். கம்பெனி பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. புதிதாக இருந்தபோது எண்பது லட்சம். எங்களுக்குப் பதின்மூன்றே முக்கால். "கால் விலைகூட இல்ல மாமா!" என்று குதித்தேன். வண்டியின் விலைதான் இறங்கியிருந்தது. உதிரிபாகங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதன் எஞ்சின் மேல் ஒரு சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் சுற்றும்போது ஒரு பெல்ட் அதையும் சுற்றும். அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். முந்நூற்று நாற்பது குதிரைத் திறன் அந்தக் காற்றில்தான் வருகிறது. அதே பெல்ட்தான் ரேடியேட்டர் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்பையும் ஓட்டுகிறது. இந்த இரண்டாவது தகவலை மாமாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

7.55, போளூர்

நாற்பது கிலோமீட்டர் வந்தோம். மூவாயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல். பங்கில் இருந்தவர் மீட்டரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, "லிட்டருக்கு இன்னா குடுக்குது?" என்றார்.

"ஆறு," என்றேன். மலைக்கு அது நாலு என்பதை மறைத்தேன்.

"ஆறு பேர் போலாம்னு சொல்றியா, ஆறு கிலோமீட்டரா?"

மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஊரைத் தாண்டியதும் எஞ்சின் பக்கமிருந்து மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. கொசு ஒன்று பாட்டு கற்றுக்கொள்வது போல. "இன்னாடா அது?" என்றார் மாமா.

"சூப்பர்சார்ஜர் மாமா. இந்தச் சத்தத்துக்குத்தான் வெளிநாட்டுல காசு குடுத்து வாங்கறாங்க."

"நாமளும் குடுத்தோமே," என்றார் அவர்.

8.50, மலைப்பாதை

அத்திமூர் பக்கம் சமவெளி முடிந்து ஏற்றம் தொடங்கியது. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. காட்டுக்குள் குரங்குகள் தடுப்புச் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. வண்டி ஏறிய விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தால் போதும், வளைவு தானாக வந்து பின்னால் போனது. மாமா சிரித்தேவிட்டார். பதினைந்து வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் கொசு இப்போது கொசுவாக இல்லை. மேலே போகப் போக அது தகரத்தை அறுக்கும் சத்தமானது. சாலையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

9.25, ஜமுனாமரத்தூருக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால்

ஒரு டீக்கடையைப் பார்த்து நிறுத்தினேன். பக்கத்தில் ஓட்டுச் சாய்ப்பு போட்ட சாமை மில். எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் திரும்பப் பிடிக்குமோ என்ற பயம். அப்போது மில்லுக்குள்ளிருந்து லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் தலைதெறிக்க வெளியே ஓடிவந்தார். நின்றார். மறுபடி உள்ளே ஓடினார். மில் மோட்டார் நின்றது. தலையை நீட்டிக் கேட்டார். சத்தம் நிற்கவில்லை.

மெதுவாக எங்கள் வண்டிப் பக்கம் திரும்பினார்.

"அடப் பாவிங்களா! எம் மில்லு பேரிங்கு போயிடுச்சின்னு மோட்டார நிறுத்திட்டனே!"

அவர் பெயர் சின்னசாமி. மில்லும் அவருடையது, டீக்கடையும் அவருடையது. முன்மூடியைத் திறக்கச் சொன்னார். பயப்படவே இல்லை. பெல்ட்டைத் தாங்கி ஓடும் ஒரு சிறிய புல்லியைக் கம்பால் காட்டினார். "இதான் கத்துது. உள்ள கிரீஸ் காஞ்சி போச்சி. இன்னும் பத்து கிலோமீட்டர் போனா சிக்கிக்கும், பெல்ட் அறுந்துடும்."

பெல்ட் அறுந்தால் தண்ணீர் சுற்றாது. தண்ணீர் சுற்றாவிட்டால் எஞ்சின் வெந்துவிடும். எஞ்சின் வெந்தால் பதின்மூன்றே முக்கால் லட்சமும் போய்விடும், வீட்டில் என் பேச்சும் போய்விடும். இப்போதுதான் இதை மாமாவிடம் சொன்னேன்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"வாங்கறதுக்கு முன்னாடியே."

மாமா டீ சொன்னார். எனக்குச் சொல்லவில்லை.

சென்னையில் இந்த வண்டிகளைப் பார்க்கும் ஒரு பட்டறைக்குப் போன் செய்தேன். புல்லி தனியாக வராது, செட்டாகத்தான் வரும், நாற்பத்திரண்டாயிரம், மூன்று வாரம், வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புங்கள் என்றார்கள். லாரியா! அக்கா வாசலில் லாரி நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

10.15, அதே இடம்

என்னிடம் நட்சத்திரத் தலை போல்ட்டுக்கான சாவிகள் இருந்தன. அன்று எனக்குக் கிடைத்த ஒரே பெருமை அதுதான். எஞ்சின் ஆறியதும் புல்லியைக் கழற்றினோம். சின்னசாமி பேரிங்கைத் தட்டி எடுத்து, விளிம்பைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆறு ரெண்டு சைபர் மூணு," என்று அதில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். "எங்க ஊதுகாத்தாடியில கீறதும் இதான்."

சாமையை மில்லில் போட்டு உடைத்தால் அரிசியும் உமியும் கலந்து விழும். பக்கத்தில் ஒரு காற்றாடி ஊதி உமியைத் தள்ளிவிடும். அதுவும் பெல்ட்டில்தான் ஓடுகிறது. எண்பது லட்ச ரூபாய் வண்டியின் சூப்பர்சார்ஜரும் சின்னசாமியின் காற்றாடியும் அடிப்படையில் ஒரே வேலைதான் செய்கின்றன.

"வேற பேரிங்கு இருக்குதுங்களா?" என்றார் மாமா.

"இல்லீங்க. இத கழட்டித் தர்றேன். போளூர்ல இன்னிக்குக் கடை தொறக்காது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எனக்கு ஒண்ணு வந்துடணும்."

மாமா தன் கடை விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் மில்லுக்குள் மூன்று பெண்கள் சாமை மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் எழுந்து வந்தார்.

"காத்து உங்க காருக்குப் போச்சு. எங்க உமிய யாரு ஊதுவா?"

அவர் உள்ளே போய் இரண்டு முறங்களைக் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்தார்.

அடுத்த இரண்டரை மணி நேரம் சின்னசாமி வண்டியைப் பார்த்தார். நாங்கள் சாமை புடைத்தோம். முறத்தை மேலே தட்டினால் உமி எதிரே பறக்க வேண்டும். மாமா தட்டியபோது அரிசி பறந்தது, உமி சட்டைப்பைக்குள் போனது.

"யோவ், கோழிக்குத் தீனி போடறியா? மெதுவா!" என்றார் மூத்தவர்.

"டைல்ஸ் கடைங்க எனக்கு," என்றார் மாமா பரிதாபமாக.

"அதான் தெரியுதே. ஒரு முறம் புடைக்க ரெண்டு ஆம்பள, அதுவும் கார்ல வந்து."

மற்ற இரண்டு பேரும் மூட்டை மேல் சாய்ந்து சிரித்தார்கள். முந்நூற்று நாற்பது குதிரைக்குச் சொந்தக்காரர்கள் நாங்கள். இரண்டு மரக்கால் சாமையைச் சுத்தம் செய்ய முடியவில்லை.

பிற்பகல் 1.30

பேரிங் உட்கார்ந்தது. எஞ்சினைப் போட்டேன். சத்தமே இல்லை. சின்னசாமி கூலி வாங்க மறுத்தார். "பேரிங்கு வந்தா போதும். ஆனா இது மில்லு பேரிங்கு, உங்க வேகத்துக்குப் பழக்கமில்ல. பஸ்ஸு பின்னாலயே போங்க."

அருகிலிருக்கும் பீமன் அருவி, கோமுட்டேரி ஏரிப் படகு எதையும் பார்க்கவில்லை. கேட்பவர்களிடம் நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜமுனாமரத்தூர் வரை போய், பேருந்து நிலையத்தில் வண்டியைத் திருப்பி, போளூர் போகும் அரசுப் பேருந்துக்காகக் காத்திருந்து, மலை இறங்கும்வரை அதன் பின்னால் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரில் வந்தோம். அது நின்ற இடத்தில் எல்லாம் நின்றோம். ஒரு நிறுத்தத்தில் கண்டக்டர் இறங்கி வந்து, "இன்னா சார், உங்க ஆள் யாராவது எங்க பஸ்ஸுல கீறாங்களா?" என்று கேட்டார்.

போளூரில் டீ குடிக்கும்போது மாமா என் கையைப் பிடித்தார். "வழியில ஒண்ணும் ஆவல. சரியா மச்சான்?"

"சரி மாமா."

மாலை 5.45, கணியம்பாடி

ஆறுக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் வாசலில் நிறுத்தினேன். அக்கா வண்டியைச் சுற்றி வந்தாள். கீழே குனிந்து பார்த்தாள். காது வைத்துக் கேட்டாள்.

"சத்தமே இல்லியே!" என்றாள். முதல் முறையாக வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். இருக்கையைத் தடவினாள். ஜெயித்துவிட்டேன் என்று தோன்றிய அந்த நொடியில் மாமாவின் போன் அடித்தது. போன் வண்டியோடு இணைந்திருந்தது. பதினான்கு ஸ்பீக்கர். மாமா அணைக்கப் போய் எடுத்துவிட்டார்.

"வணக்கங்க, மில்லு சின்னசாமி பேசறேன்! வண்டி நல்லபடியா வூடு வந்து சேந்துச்சா? பேரிங்கு கத்தலையே?"

எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். அக்கா எங்களைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"அண்ணே, நான் அவரு வூட்டுக்காரிங்க. வண்டி எப்படிங்க?"

பதினான்கு ஸ்பீக்கரிலும் தீர்ப்பு வந்தது.

"நல்ல வண்டிம்மா. பக்கத்துல ஒரு மில்லு மட்டும் இருக்கணும்."

அக்கா இறங்கினாள். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். "நம்ம தெருவுல மில்லு எங்கடா இருக்குது?" என்று கேட்டாள். பிறகு மாமாவின் சட்டைப்பையில் விரலை விட்டு ஒரு சிட்டிகை உமியை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

திங்கள், காலை 11.40

போளூரில் கடை திறந்ததும் பேரிங் வாங்கினேன்: இருநூற்றுப் பத்து ரூபாய். அக்கா சொன்னபடி நான்தான் கொண்டுபோனேன், பேருந்தில். டிக்கெட் முப்பத்தாறு ரூபாய். ஜன்னலோரம் உட்கார்ந்ததில் முந்தைய நாள் பார்க்காத பலா மரங்கள், தடுப்புச் சுவர்க் குரங்குகளின் குட்டிகள் எல்லாம் தெரிந்தன. எஞ்சின் வெப்பமானியைப் பார்க்காமல் ஒரு மலை ஏறுவது எவ்வளவு சுகம்!

சின்னசாமி புதுப் பேரிங்கை விரலில் சுற்றிப் பார்த்தார். முகம் முழுதாக மலரவில்லை.

"வண்டிய இன்னா பண்ணப் போறீங்க?"

"விக்கறோம்ண்ணே."

"வித்துடுங்க. எம் பேரிங்க மட்டும் கழட்டிக் குடுத்துட்டு வித்துடுங்க. நாலு வருஷமா ஒருநாள் கூடக் கத்தாத பேரிங்கு அது."

சம்மதித்தேன். வீட்டுக்கு வந்து விளம்பரம் எழுதினேன். சூப்பர்சார்ஜ்டு பெட்ரோல், முந்நூற்று நாற்பது குதிரை, தோல் இருக்கை, பதினான்கு ஸ்பீக்கர், மலை ஏறி இறங்கியது. கடைசி வரியை அக்கா சேர்க்கச் சொன்னாள்: "பேரிங் ஒன்று விற்பனைக்கு இல்லை."

இதுவரை ஒன்பது பேர் போன் செய்திருக்கிறார்கள். ஒன்பது பேரும் கேட்டது அந்தப் பேரிங்கைப் பற்றித்தான்.