ஞானத்தின் மூச்சு

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். இணையத்தில் பாட்டை ஏற்றும்போதெல்லாம், தளத்துக்காரர்கள் குறை சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கும். ஆரணியில் தறி வேலை முடிந்து வந்து நண்பன் ஞானம் பாடுவான். நான் கைப்பேசியில் பதிந்து சரிசெய்வேன். அவன் மூச்சு வாங்கும் சத்தத்தைக்கூட இரைச்சல் என்று பயந்து வெட்டிவிடுவேன்.

ஞானம் சிரிப்பான். "மூச்சே உடாம பாட நான் இன்னா பொணமாடா?"

போன மாதம் மாரடைப்பில் ஞானம் போய்விட்டான். அவன் மனைவி மேரி ஒரு பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டாள்.

"குரல் இருக்குதுண்ணா. மூச்சு வாங்கிகினு பாடுவாரே, அது எங்க?"

கைப்பேசியில் இடமில்லாமல், வெட்டாத முதல் பதிவை அழித்திருந்தேன்.

எங்களைப் போலச் சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில், அந்தப் பதிவு யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். வெம்பாக்கத்திலிருந்து டோலக் வாசிக்கும் ஒருவர் அழைத்தார். நேரில் பார்த்ததே இல்லை.

"டோலக் சேத்துப் பாக்க எனக்கு அனுப்புனீங்களே, மறந்துட்டீங்களா? அழிக்க மனசு வரலைங்க. வெச்சிகினு இருக்கேன்."

அவர் அனுப்பியதை மேரி காதோடு வைத்துக் கேட்டாள். பாடத் தொடங்குமுன் ஞானம் மூச்சை இழுத்தான். அங்கேயே நிறுத்தி, திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். பாட்டுக்குப் போகவே இல்லை.

பாட்டை ஏற்றும்போது இன்னமும் பயம்தான். யார் பாடினாலும் மூச்சில் மட்டும் கை வைப்பதில்லை.