ஏகாம்பரம் வீட்டில் ஒரே ஒரு ஓட்டு

போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டுக் கேட்கப் போனேன். பயப்படாதீர்கள்... எனக்காக இல்லை. நண்பர் தண்டபாணிக்காக.

தண்டபாணி கல்லூரி ஆசிரியர். நம் பழைய பல்கலைக்கழகத்தின் செனட்டுக்கு நிற்கிறார். செனட் என்றால்? பல்கலைக்கழகத்தின் சட்டசபை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்குச் சில பேரைப் பட்டதாரிகளே ஓட்டுப் போட்டு அனுப்பலாம் — பெயரைப் பதிவு செய்திருந்தால். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. நாட்டில் எல்லாருக்கும் ஓட்டு வருவதற்கு முன்பே வந்துவிட்டது. நம்மில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறோம்? என்னைக் கேட்காதீர்கள்.

சுங்குவார்சத்திரத்தில் நானும் தண்டபாணியும் பஸ்ஸை விட்டு இறங்கி, டீ குடித்துவிட்டு, உள்ளே ஒரு கிராமத்துக்கு நடந்தோம். அங்கே பதிவு செய்த பட்டதாரி ஒருவர் இருப்பதாகத் தகவல். பெயர் மல்லிகா.

வாசலில் அவருடைய மாமனார் ஏகாம்பரம் இருந்தார். ஓட்டு என்றதுமே நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார்.

"எங்க வூட்ல ஏழு ஓட்டு கீது சார். நா சொன்னா ஏழும் ஒரே பக்கம் வுழும். ஏரிக் கால்வா அடைச்சிகினு கீது. அத்த சரிபண்ணிக் குடுப்பீங்களா?"

தண்டபாணி நெளிந்தார். செனட்டுக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம்? மெதுவாக விளக்கினார் — இது வேறு தேர்தல், பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும், இந்த வீட்டில் ஒரே ஓட்டுதான், அது உங்கள் மருமகளுடையது.

"எனுக்கு இல்லியா?" என்றார் ஏகாம்பரம்.

"இல்லைங்க."

"எம் புள்ளைக்கி? மறைமலை நகர்ல கம்பெனில கீறான். ஐ.டி.ஐ. படிச்சவன்."

"அவருக்கும் இல்லைங்க."

ஏகாம்பரம் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். எனக்குத் திக்கென்றது. மனிதர் கோபித்துக்கொண்டு அந்தப் பெண்ணை வெளியே வரவிடாமல் செய்துவிட்டால்..?

அவர் எழுந்தார். "மல்லிகா, இங்க வாம்மா. உன்னியத்தான் பாக்க வந்துகிறாங்க," என்றார். தன் நாற்காலியை மருமகள் பக்கம் தள்ளிவிட்டு, தான் நின்றுகொண்டார்.

மல்லிகா உட்காரவில்லை. ஆனால் கேள்வி கேட்டார்.

"தபால்ல எம்.ஏ. படிக்கிறேன் சார். பரீட்சை எழுத மெட்ராசுக்குத்தான் வரணும். கைக்குழந்தைய விட்டுட்டு எப்படி வர்றது? போன வருஷம் எழுதல. இந்த வருஷமும் விட்டா அவ்ளோதான். காஞ்சிபுரத்துல ஒரு சென்டர் போடச் சொல்லிக் கேப்பீங்களா?"

"செனட்ல கேக்கறேம்மா. ஆனா முடிவு சிண்டிகேட் கையில, அதான் நிர்வாகக் குழு."

உண்மையைச் சொல்லிவிட்டார் தண்டபாணி. ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் இப்படியா பேசுவது?

"சரி சார். இன்னும் ரெண்டு பேர் நிக்கிறாங்களே... அவங்களும் என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுப் போடறேன் மாமா," என்று மாமனாரிடமும் சேர்த்தே சொன்னார் மல்லிகா.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் அத்தனை பெரிய கட்டிடம், கறுப்பு அங்கி, தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் — எல்லாம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்பதற்குத்தானே உண்டானது? ஓட்டு யாரிடம் இருக்கிறதோ, நாற்காலியும் அவர் பக்கம்தான் நகர்கிறது.

ஏகாம்பரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார். பஸ் வந்ததும் தண்டபாணியை ஓரமாக அழைத்தார்.

"நா வோணா உங்களுக்காவ சொல்லிப் பாக்கறேன் சார். ஆனா மருமவ இன்னா முடிவு பண்ணுதோ... என்னால உறுதி குடுக்க முடியாது."